எண்ணெய் காயாத நாற்காலி

நகர்மன்றத் தலைவருக்கு முன்னால் நடந்து வருவதும், அவருடைய பெரிய தேக்கு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக் கொடுப்பதும்தான் டபேதார் இன்பமணியின் வேலை. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை. ராதாபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்தவர். அப்பாவின் வள்ளத்தில் ஏறினாலே குடலைப் புரட்டியதால் கரையில் பிழைப்பைத் தேடிக்கொண்டார். ஆனாலும் மரத்தைத் தொட்டால் கை இன்னும் கடற்கரைக்காரன் கைதான்.

புதுத் தலைவர் பதவியேற்பதற்கு முந்திய வாரம், நாற்காலி வெடிப்பு விட்டு முனகுவதைக் கவனித்தார். அண்ணன் மார்ட்டினிடம் மீன் எண்ணெய் வாங்கிவந்து, வள்ளத்துக்குத் தேய்ப்பதுபோலவே தேய்த்துவிட்டார். வள்ளம் வெயிலிலும் காற்றிலும் கிடந்து காயும். மன்றத்திலோ சன்னல்கள் அடைத்துக் கிடந்தன, வெளியே அடைமழை. பதவியேற்பு அன்று காலையில் தொட்டுப் பார்த்தால் விரலில் பிசுபிசுத்தது.

துடைத்தார். ஊதுபத்தி கொளுத்தினார். மறுபடி துடைத்தார். கடைசியில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து வைத்தார். முதல் நாள் வெறும் மரத்தில்தான் தலைவர் உட்கார வேண்டும் என்பது அந்த மன்றத்தின் வழக்கம். அது அவருக்குத் தெரியாததல்ல.

புதுத் தலைவர் பேச்சித்தாய் சந்தன நிறப் பட்டுச் சேலையில் வந்தார். அந்த நாற்காலிக்கு வரும் முதல் பெண்.

"என்ன வே டபேதார், துண்டெல்லாம் விரிச்சிருக்கீரு?" என்றார் முன்வரிசை உறுப்பினர் குற்றாலலிங்கம். "இதுவரைக்கும் வெறும் மரத்துலதான இருந்தாவ. இவுகளுக்கு மட்டும் மெத்தை கேக்குதோ?"

சிரிப்பு எழுந்தது. இன்பமணி பேச்சித்தாயின் பக்கம் நகர்ந்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் மானம் போகும்.

குனிந்தார். "அம்மா, என் தப்புதான். மீன் எண்ணெய் தேச்சேன், காயல. சேலையில ஒட்டீரும். துண்டு கெடக்கட்டும்."

"அதான் இந்த வாடையா?" பேச்சித்தாய் உதடு அசையாமல் சொன்னார். "துண்ட எடுங்க அண்ணாச்சி. இன்னைக்குத் துண்டு மேல இருந்தேன்னா, அஞ்சு வருசமும் இதையே சொல்லிக்கிட்டுத் திரிவாவ. சேலைய அலசிக்கிடலாம்."

துண்டை உருவினார். நாற்காலியை இழுத்துக் கொடுத்தார். பேச்சித்தாய் உட்கார்ந்தார். மரம் முனகவில்லை.

கூட்டம் முடிந்தது. எல்லோரும் எழுந்து மாலையோடு காத்து நின்றார்கள். பேச்சித்தாய் மட்டும் எழவில்லை. சேலையின் பின்புறத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி இன்பமணியைப் பார்த்தார்.

"எந்திரிங்கம்மா. நான் பின்னால வாரேன்."

"டபேதாருக்குப் பாதை மறந்துபோச்சு வே!" என்று குற்றாலலிங்கம் மறுபடியும் சிரித்தார்.

சிரிக்கட்டும். பணியில் சேர்ந்த நாளிலிருந்து தலைவருக்கு முன்னால் நடந்தே பழகிய இன்பமணி, அன்று கார் கதவு வரைக்கும், நெஞ்சை அகல விரித்து, பேச்சித்தாயின் முதுகை மறைத்தபடி பின்னாலேயே பைய நடந்தார்.