ஊர் பார்க்க வந்தவர்கள்

போன வாரம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய புகைப்படம் வந்து விழுந்தது. அந்தக் குழுவில் என்னைச் சேர்த்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூ, சர்க்கரை வியாதிக்கு வெந்தயம், யாராவது போய்ச் சேர்ந்தால் வரிசையாகக் கைகூப்பல், இவ்வளவுதான் அதில் வரும். பெரும்பாலும் நான் திறப்பதே இல்லை. அன்றைக்கு என் போதாத வேளை, திறந்துவிட்டேன். லால்பாக் பாறைமேல் நான்கு பேர் நிற்கிறார்கள். ஒரு வயதான அம்மாள், அவருடைய மகன், மகள், மகளின் குழந்தை. படத்தின் வலது மூலையில் சிவப்பாக ஒரு தீற்றல். அந்தக் குழந்தைதான் இப்போது வளர்ந்து படத்தைப் போட்டிருந்தாள். பெயர் சுகந்தி. "எங்க பெங்களூர் டூர், நைன்ட்டிஃபைவ். மூலைல ஃபிலிம் கெட்டுப்போச்சு. ஆனா செம்ம ஜாலியான நாள்" என்று கீழே எழுதியிருந்தாள். ஆளாளுக்கு இதயம் போட்டிருந்தார்கள்.

எனக்கோ நகப்பாலிஷ் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முனையில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருந்தது. வளையல், ரிப்பன், சாந்துப் பொட்டு, எல்லாம் ஒரு கதவகலக் கடைக்குள். அங்கேதான் அந்தச் சிவப்புப் பாலிஷை வாங்கினேன். என் அக்கா விமலா கார்மெண்ட்ஸில் வேலை செய்தாள். சட்டைக் காலர் தைக்கிற வேலை. ஒருநாள் மெஷின் ஊசி வலது ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து இறங்கிவிட்டது. புதிதாக முளைத்த நகம் நடுவில் ஒரு வரப்போடு, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. "அந்த வெரலுக்கு மட்டும் ரெண்டு தடவ பூசுடி, தெரியக் கூடாது" என்றாள் அம்மா. நான் மூன்று தடவை பூசினேன். அக்கா கையை நீட்டிக்கொண்டு, காயும்வரை சோறு பிசைய முடியாமல் என் கையால் ஊட்டிக்கொண்டாள். இருபத்தேழு வயதுப் பெண்ணுக்குப் பதினேழு வயதுக்காரி ஊட்டிவிட்டதை நினைத்து இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

இத்தனை அலங்காரம் எதற்கு என்று கேட்பீர்கள். அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டுக்கு அல்ல, லால்பாக்குக்கு.

அப்போது எங்கள் மாதிரிக் குடும்பங்களில் இது ஒரு வழக்கமாகவே இருந்தது. எங்கள் சந்தில் ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனால், மறுநாள் காலையில் பொதுக்குழாயில் குடத்தோடு நிற்கிற அத்தனை பேரும் "இன்னா விமலா, முடிஞ்சிச்சா?" என்று கேட்பார்கள். அக்காவை ஏற்கனவே இரண்டு முறை வீட்டில் வந்து பார்த்து, இரண்டு முறையும் பதிலே வரவில்லை. குழாயடிக்குப் பயந்து அவள் விடிவதற்கு முன்னாலேயே தண்ணீர் பிடிக்கப் போக ஆரம்பித்தாள். மூன்றாவது தடவையும் இப்படி ஆனால் அவள் தாங்கமாட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தரகர் சொன்ன யோசனைக்கு அப்பா உடனே தலையாட்டினார். ஊர் சுற்றிப் பார்ப்பதுபோல் வரட்டும், பூங்காவில் நடக்கும்போது பார்த்துக்கொள்ளட்டும், பிடித்தால் பேசலாம், பிடிக்காவிட்டால் சந்துக்குத் தெரியப்போவதில்லை.

காலையில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக நாங்கள் கிளம்பியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். "எங்கம்மா, குடும்பத்தோட?" அம்மா அசராமல் சொன்னாள்: "ஆம்பூர்லருந்து ஒறமொறைங்க வராங்க. ஊரு சுத்திப் பாக்கணுமாம். வேற ஒண்ணும் இல்ல." பொய் சொல்வதில் அம்மாவை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் அன்றைக்குப் பெருமைப்பட்டேன். அவள் வீட்டில் தங்கிவிட்டாள். அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் எலுமிச்சைச் சோற்றுத் தூக்கோடு கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனோம்.

வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவருடைய அம்மா அக்காவின் கன்னத்தைத் தடவி, "கண்ணுக்கு லட்சணமா இருக்கா" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது.

பஸ்ஸில் அந்த அம்மாள் சத்தமாக, "ஏங்க, இங்க தமிழாளுங்கள அடிப்பாங்களாமே?" என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. காவிரிக் கலவரம் நடந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அந்த டிசம்பரில் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். அக்காதான் பதறாமல் அவர் பக்கத்தில் குனிந்து, "அதெல்லாம் முடிஞ்சிபோச்சிங்க அத்தே. கொஞ்சம் மெதுவா பேசினா போதும்" என்றாள். பிறகு கண்டக்டரிடம் கன்னடத்தில் "விதான சௌதா, ஏளு ஜன" என்று ஏழு பேருக்குக் கேட்டாள். அவள் அத்தை என்று சொன்னதை நான் கவனித்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே சொன்னது.

விதான சௌதா என்கிற அந்தச் சட்டசபை மாளிகை எதிரில் மாப்பிள்ளையின் தமக்கை பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேமராவை எடுத்தாள். "நீ எடுக்கிறியாம்மா? நாங்க நாலு பேரும் நின்னுக்கறோம்." அக்கா அதற்கு முன் கேமராவைத் தொட்டதே இல்லை. பரீட்சை எழுதுவதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். "அக்கா, வெரல் மறைக்குது" என்று நான் கத்தினேன். அதற்கப்புறம் நாள் முழுக்கக் கேமரா அவள் கழுத்திலேயே தொங்கியது. எனக்கு அது தப்பாகவே படவில்லை. உரிமையோடு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

மத்தியானம் கப்பன் பார்க் மரத்தடியில் சாப்பிட்டோம். எலுமிச்சைச் சோற்றை அக்கா செய்தது என்று அப்பா நாலு தடவை சொன்னார். செய்தது அம்மா. பிறகு சுகந்தியைக் குட்டி ரயிலில் ஏற்ற என்னை அனுப்பினார்கள். அது மரங்களுக்கு நடுவில் ஆடி ஆடிப் போகிற ரயில். குழந்தை என் மடியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னது:

"எனக்குப் பட்டுப் பாவாட எடுத்தாச்சே!"

"எதுக்கு செல்லம்?"

"மாமா கல்யாணத்துக்கு. தை மாசம். வாணியம்பாடி அத்த இருக்காங்கல்ல, அவங்கதான் பொண்ணு. நிச்சயத்துல ஜாங்கிரி போட்டாங்க."

"அப்பறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"ஊர் பாக்கத்தான். தரகர் தாத்தாகிட்ட அப்பவே வரோம்னு சொல்லிட்டோமாம். டிக்கெட்டும் எடுத்தாச்சாம். சரி, பெங்களூர பாத்த மாதிரி ஆச்சுன்னு பாட்டி சொல்லிச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்."

ரயில் ஒரு வளைவில் திரும்பியது. தூரத்தில் அக்கா தெரிந்தாள். முந்தானையால் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் குழந்தையைக் கீழே தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆறு வயதுக் குழந்தை என்ன செய்யும், பாவம். அம்மா பக்கத்து வீட்டம்மாளிடம் சொன்ன பொய்தான் அன்றைக்கு நடந்த நிஜம். அவர்கள் உண்மையிலேயே ஊர்தான் பார்க்க வந்திருந்தார்கள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இறங்கியதும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பீர்கள். வாய்க்காரி என்று சந்தெல்லாம் பெயர் வாங்கிய நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என் காதோரம் வந்து, "அவங்கம்மாவுக்கு என்னப் புடிச்சிருக்குடி, எனக்குத் தெரியுது" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? சாயங்காலம் சொல்லலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

லால்பாக்கில்தான் முறைப்படி பார்க்க வேண்டும் என்று பேச்சு. கண்ணாடி மாளிகையைச் சுற்றிவிட்டு வந்ததும் அந்த அம்மாள் கூசாமல், "சின்னஞ்சிறுசுங்க, ரெண்டு வார்த்த பேசிட்டு வரட்டுமே" என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அக்காவும் அவரும் ஏரிக்கரையில் பத்து நிமிஷம் நடந்தார்கள். திரும்பி வந்தவளிடம் "என்னக்கா கேட்டாரு?" என்றேன்.

"இங்க ஸ்வெட்டர் எங்க நல்லதா கெடைக்கும்னு கேட்டாருடி." அவள் குரலே மாறியிருந்தது. "அடிக்கடி வரதா இருந்தா வேணும்ல? இந்தக் குளுருக்கு."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அதில் ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை.

பிறகு பாறைமேல் ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் அப்போது ஊர் முழுக்க மரத்தலைகளாகத் தெரியும். அக்கா கேமராவோடு கையை நீட்டி, "அதோ, அந்தப் பக்கந்தான் எங்க ஸ்ரீராம்புரம், அத்தே" என்று காட்டினாள். அப்புறம் நான்கு பேரையும் நிற்கவைத்துக் கடைசிப் படம் எடுத்தாள். விரல் மறைத்தது. நான் பார்த்தேன், சொல்லவில்லை.

ஸ்டேஷனில் அந்த அம்மாள் அப்பாவிடம், "பொண்ணு தங்கங்க. ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்றார். அப்பா ரயில் நகரும்வரை கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

அக்கா காத்திருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் "தபால் வந்துச்சா?" என்பாள். ஒவ்வொரு நாளும் நான் சொல்ல நினைத்தேன், ஒவ்வொரு நாளும் முழுங்கினேன். மார்கழிக் கடைசியில் தபால் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அம்மா தலையிலடித்துக்கொண்டாள். அப்பா தரகரை வெட்டுவேன் என்று குதித்தார். அக்கா பத்திரிகையை நிதானமாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "போட்டோவெல்லாம் நல்லா வந்துச்சாமா?"

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் யாரையும் தன்னைப் பார்க்க விடவுமில்லை. முதுகு ஒத்துழைத்தவரை காலர் தைத்தாள். ஆறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. வாரக்கணக்கில் அவளைத் தபாலுக்குக் காக்கவைத்தவள் ஆம்பூர்க்காரி மட்டும் அல்ல, நானும்தான்.

இப்போது எங்கள் சந்தில் பொதுக்குழாய் இல்லை. கேட்பதற்கு அந்தப் பெண்களும் இல்லை. ஃபேன்ஸி ஸ்டோர் இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் நடக்கிறது. பாறைமேல் ஏறினால் கட்டடங்கள்தான் தெரிகின்றன, ஸ்ரீராம்புரம் எந்தப் பக்கம் என்று எனக்கே சொல்ல வராது. அக்காவின் அந்த வயதுப் படம் என்று எங்களிடம் ஒன்றுமே கிடையாது. கம்பெனி அடையாள அட்டையில் இருந்ததும் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. அவளைப் பார்க்க வந்த நாளில் ஒரு ரோல் முழுக்க அவளே படம் எடுத்தாள், அதில் எங்குமே அவள் இல்லை. இந்த ஒரு மூலையைத் தவிர.

அதனால் குழுவில் முதல்முறையாக எழுதினேன். "ஃபிலிம் கெடல. அது எங்க விமலா அக்காவோட விரல்."

சுகந்தி உடனே பதில் போட்டாள். "ஓ, அந்த கைடு அக்காவா ஆன்ட்டி? கேமரா மாட்டிக்கிட்டு வந்தாங்களே! சூப்பரா சுத்திக் காட்டினாங்க. இப்ப எங்க இருக்காங்க?"

அவளுடைய மாமாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். அதையும் தெரிந்துகொண்டேதான் தட்டினேன்.

"கைடு இல்லம்மா. உங்க மாமா பார்க்க வந்த பொண்ணு."

அப்புறம் யாரோ ஒரு ரோஜாப்பூ போட்டார்கள்.