நான் கீழே போடாத டிஸ்க்

நான் அந்த டிஸ்கைக் கீழே போடவில்லை. யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

திருநெல்வேலி டவுணில், ரதவீதியை ஒட்டிய ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் வேலை. ஆயுத பூசை முடிந்து கொஞ்ச நாளில், திசையன்விளைக் கல்யாணம் ஒன்று இருந்த ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு சமயம் திறக்கும். ஒரு சமயம் படிக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் கைவிரிக்கும். வேறு பிரதி கிடையாது. கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது.

காலையில் விஷயம் தெரிந்தபோது முதலாளி அண்ணாச்சி விசாரிக்கவே இல்லை. "நீ கீழ போட்டிருக்க பிள்ள. வேற என்ன?" என்றார், பக்கத்து ஜவுளிக்கடை வரை கேட்கும் சத்தத்தில். அதோடு விட்டாரா? என் முன்னாலேயே பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு, "எங்க கடைப் பிள்ள கீழ போட்டுட்டு" என்றும் சொல்லிவிட்டார். பிறகு என்னிடம், "இன்னைக்குள்ள படம் வரலன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். முதல் தடவை தாலி கட்டும்போது நின்றது. அடுத்த தடவை தாலியைத் தாண்டி, பந்தியில் சாம்பார் வாளி வரும்போது நின்றது. அதற்கடுத்து மாப்பிள்ளை அழைப்பிலேயே படுத்துக்கொண்டது. கீழே விழுந்து உள்ளே கீறியிருந்தால், அடிபட்ட இடத்தில்தானே ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டும்? கேபிளை மாற்றினேன். வேறு கம்ப்யூட்டரில் செருகினேன். அப்போதும் அதே கதைதான். டிஸ்கில் கேபிளைச் செருகும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஒழுங்காக ஓடியது.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அந்தத் துளைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. சந்தனம்!

ஆயுத பூசையன்று அண்ணாச்சி ஒரு சாமானை விடமாட்டார். கேமரா, பிரிண்டர், யுபிஎஸ், கத்தரிக்கோல் எல்லாவற்றிலும் குழைத்த சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பார். தானாக உதிரும்வரை யாரும் துடைக்கக் கூடாது. அது கடைச் சட்டம். துளை மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்திருந்த டிஸ்கின் தலையிலும் அப்பியிருந்தார். வழிந்தது நேரே உள்ளே இறங்கியிருக்கிறது.

ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் எடுத்தேன்.

"சாமிக்கு வச்ச பொட்டு, அழிக்காத பிள்ள!" என்று அண்ணாச்சி ஓடி வந்தார்.

"சாமி என்னைய வேலைய விட்டுப் போவச் சொல்லல அண்ணாச்சி. நீங்கதான் சொன்னீங்க." சொல்லிக்கொண்டே தேய்த்தேன்.

ஸ்பிரிட் காய்ந்ததும் செருகினேன். மாப்பிள்ளை அழைப்பு, தாலி, சாம்பார் வாளி, எதிலும் நிற்கவில்லை. முழுக் கல்யாணத்தையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அண்ணாச்சி பெரிய மனசு பண்ணுவதுபோல, "சரி, நாளைக்கு வழக்கம்போல வந்துரு" என்றார்.

"வாரேன். மொதல்ல பொண்ணோட அப்பாவுக்குப் போன் போடுங்க."

வாசலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றேன். கடைசியில் போனை எடுத்தார்.

"படம் கிடைச்சிட்டு. அந்தப் பிள்ள கீழ போடல... சந்தனம் வச்சது நாந்தான்..." என்று வாய்க்குள்ளேயே முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "காலைல சொன்ன மாதிரி. ஜவுளிக்கடைக்குக் கேக்கட்டும்."