கீதாரி என்று கூப்பிட்டால் திரும்பாத அண்ணன்

கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் பிறந்து, சென்ற ஆண்டு ஆடி மாதம் தாராவியில் என் வீட்டில் கண்மூடிய அண்ணன் அவர்களைப் பற்றி, உடன்பிறந்தவள் என்ற உரிமையில் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பாயில் பிறந்த பிள்ளைகள் கீதாரி என்றால் ஆடு மேய்ப்பவர் என்று நினைக்கிறார்கள். ஆடு மேய்ப்பவரெல்லாம் கீதாரி ஆகிவிட முடியாது. பல வீட்டு ஆடுகளை ஒரே கிடையாகச் சேர்த்து, எந்தக் காட்டில் அடைப்பது, எப்போது கிளம்புவது என்று முடிவு செய்பவர்தான் கீதாரி. ஓர் ஆடு குறைந்தாலும் உடையவருக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். வழியில் செத்ததென்றால், அந்த வீட்டு அடையாளம் வெட்டிய காதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அண்ணனை இளவயதிலேயே ஊரார் கீதாரி என்று அழைத்தார்கள்.

யுத்தம் தொடங்கிய சமயம், மழையில்லாத கோடையில் மேற்கே போன கிடையிலிருந்து சித்தப்பாவின் ஆடுகள் மட்டும் களவு போயின. பிள்ளைப்பேற்றுக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். ஊர்க்கூட்டத்தில் சித்தப்பா கேட்டதை மறக்க முடியவில்லை.

"செத்துச்சுன்னா காதக் கொண்டா. இல்லன்னா வித்துட்டேன்னு ஒத்துக்கிடு."

அண்ணனிடம் காதும் இல்லை, பதிலும் இல்லை. அவருக்குப் பேசியிருந்த பெண்ணையும் வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். என்னோடு தாராவிக்கு வந்து தோல் ஷாப்பில், தோல் பதனிடும் வேலையில் சேர்ந்தார். மில்லில் சேர்த்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் மன்றாடிப் பார்த்தார், அசையவில்லை. தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போடுமுன் காதுகளை அறுத்து எறிவார்கள். அண்ணன் ஒவ்வொரு காதையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் எறிவார். கிறுக்கு என்று சிரித்தார்கள். தெருவில் யாராவது கீதாரி என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டார்.

மறு வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள், வேலையிலிருந்து வந்தவர் சாப்பிட உட்காரவில்லை. உள்ளங்கையில் உப்பேறிய காது ஒன்று. நுனியில் பிளவு, கீழே இரண்டு கொத்து. சித்தப்பா வீட்டு வெட்டு. உடனே ஊருக்கு ரயிலேறச் சொன்னேன்.

"காட்டுனா என்ன சொல்லுவாவ தெரியுமா? நீ வேல பாக்குத எடத்துக்கே ஆடு வந்திருக்கே, வேற யாரு வித்தாம்பாவ."

பிறகும் அவர் காதுகளைப் பார்ப்பதை விடவில்லை. மீதி ஆடுகள் வர வேண்டுமே என்பார். அந்தி நேரத்தில் வாசலில் நின்று, கிடைக்கு ஆடு சேர்க்கும் குரலில் கூப்பிடுவார். சந்தில் திரியும் வெள்ளாடுகள் வந்து நிற்கும். அவற்றின் காதுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, இவை இல்லை என்று உள்ளே வந்துவிடுவார். காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில் பேச்சு நின்றுபோய் அந்தக் குரல் மட்டும் இருந்தது. அவர் போன பின்னும் அந்தியானால் ஆடுகள் எங்கள் வாசலைப் பார்த்து நிற்கின்றன. விரட்ட மனம் வரவில்லை, பயமாகவும் இருக்கிறது.

மாதுங்காவிலிருந்து தினமும் வந்து ஊசி போட்ட கம்பவுண்டருக்கும், கொட்டும் மழையில் பாடை சுமந்த தோல் ஷாப் தோழர்களுக்கும், என் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சித்தப்பா, இந்த மலர் உங்களுக்கும் தபாலில் வரும். உங்கள் பிரதியோடு மட்டும் ஒரு சிறு பொட்டலம் இருக்கும். அதைப் பிரித்து, நன்றாக விரித்துப் பாருங்கள். அண்ணன் விற்கவில்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள். இனி நான் பதில் சொல்கிறேன்.