வயலுக்கு நடுவே ஸ்கூபா

தண்ணிக்குள்ள மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கிறது சுலபம். கரையில நிக்கிறவங்களுக்குப் பதில் சொல்றதுக்குள்ளதான் மூச்சு முட்டுது. டியூஷன் எடுக்கிறவங்க, தையல் கடை வெச்சிருக்கிறவங்க, பல் டாக்டருங்க, உங்களுக்கெல்லாம் இந்தக் கஷ்டம் புரியும்.

நானும் என் வீட்டுக்காரர் செல்வராஜும் மஸ்கட்ல இருந்தப்போ பிடிச்ச பைத்தியம் இது. கல்யாணமான புதுசுல அவர் என்னைக் கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போனார். அன்னியிலேர்ந்து நகை வேணாம், புடவை வேணாம், லீவு கிடைச்சா கடல்தான். ஊருக்குத் திரும்பினதும் நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல எங்க பங்குக்கு வந்த வயல்ல ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தொட்டி கட்டினோம். இங்க பழகிட்டு, புதுச்சேரிக்குப் போய்க் கடல்ல இறங்கணும். நம்ம டெல்டாவிலேர்ந்து ஒரே ஒரு ஆளாவது ஆசைக்காகக் கடலுக்குள்ள போய்ப் பார்க்கணும், அவ்வளவுதான் நாங்க கேட்டது. இந்த வருஷமும் அப்படி யாரும் வரலேன்னா தொட்டியில மீன் விட்டுடலாம்னு அவர் சொல்லிட்டார். யார் யாரு வந்தாங்கன்னு கேளுங்க.

விழுந்த சங்கிலி

மன்னார்குடிப் பக்கத்துலேர்ந்து ஒரு பெரிய மனுஷர் கார்ல வந்து இறங்கினார். மாமனார் போட்ட அஞ்சு பவுன் சங்கிலி, கோயில் குளத்துல குளிக்கும்போது விழுந்துடுச்சாம். நாங்க என்ன குளம் தூர் வாரறவங்களான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. குளத்துக்குப் போய்ப் பார்த்தா அவர் சம்சாரம் கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்குது, மச்சினன்மாரெல்லாம் கரையில வரிசையா நிக்கிறாங்க. சரி, தொலையட்டும்னு என் வீட்டுக்காரர் இறங்கினார்.

குளமா அது? கையைக் கண்ணுக்கு எதிர்ல வெச்சாலும் தெரியாத சேறு. தடவித் தடவி ஒரு வழியா சங்கிலியோட மேல வந்தார். அந்தம்மா வாங்கி முந்தானையில துடைச்சுப் பார்த்துது. கவரிங்! ஒரிஜினல் எப்பவோ அடகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு, அதுக்குக் கணக்கு காட்டத்தான் இந்தக் குளியல். மச்சினன்மார் சுத்தி வளைக்கிறதுக்குள்ள மனுஷன் எங்க பக்கம் வந்து பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டார்: "உங்களை யாருங்க நிஜமாவே தேடச் சொன்னது?"

குமிழி

கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டோ எடுக்கிற சீக்கு நம்ம ஊருக்கும் வந்தாச்சு. திருவாரூர்லேர்ந்து ஒரு ஜோடி, கூடவே ஒரு போட்டோகிராபர். பொண்ணு பட்டுப்புடவை, முழு மேக்கப். மாஸ்க் போட்டா முகம் தெரியாதாம். சிலிண்டர் மாட்டினா மாப்பிள்ளைக்குக் கோட்டு சரியா உக்காராதாம். அப்புறம் என்ன இழவுக்குத் தண்ணிக்குள்ள வரீங்க, செவுத்துல நீலப் பெயிண்ட் அடிச்சுட்டு முன்னாடி நிக்கவேண்டியதுதானே? கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு பேருக்கும் மாட்டிவிட்டு இறக்கினோம். நாலு படம் எடுத்ததும் போட்டோகிராபர் மேல வந்து, முகத்தைச் சுளிச்சுக்கிட்டுச் சொன்னான்: "மேடம், குமிழி குமிழியா வந்து படம் கெடுது. ஒரு பத்து நிமிஷம் மாப்பிள்ளையை மூச்சு விடாம இருக்கச் சொல்லுங்க."

படிச்ச பிள்ளை

பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையாம். மாலத்தீவுக்கு டூர் போறதுக்கு முன்னாடி ஸ்கூபா சர்டிபிகேட் வேணும்னு வந்தது அந்தப் பிள்ளை. சட்டை கசங்காம உக்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிச்சு. தொட்டியைக் காட்டினோம், ரெண்டடி பின்னால போச்சு. அப்புறம் மெதுவா வாயைத் திறந்துச்சு: "தண்ணி எனக்கு ஒத்துக்காதுங்க. ஆன்லைன்ல முடிச்சுக்கலாங்களா?"

கலையரசி

அப்புறம்தான் கலையரசி வந்தா. பக்கத்து ஊர்க் கூட்டுறவு சங்கத்துல வேலை. மொத நாளே மாஸ்க்குக்குள்ள தண்ணி ஏறி, இருமி, மூக்கெல்லாம் எரிஞ்சு, கண்ணு செவந்துபோய், "இன்னொரு வாட்டி இறங்கலாமாக்கா?"ன்னு கேட்டா. நானும் வீட்டுக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்பாடா, வந்துட்டாடா ஒருத்தி! அவர் அன்னியிலேர்ந்து மீன் பேச்சையே எடுக்கலை.

புதுச்சேரிக்கு வேன் கிளம்புற நேரத்துல அவ மாமியாரும் புருஷனும் வண்டியில வந்து இறங்கினாங்க. "தண்ணியிலயே ஊறிக் கெடந்தா கர்ப்பப்பை குளுந்து போயிடும். கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு, ஊர் கேக்குற கேள்விக்கு நான் என்ன பதில் சொல்றது? நட வீட்டுக்கு"ன்னு மாமியார் ஒரே பிடியா நின்னாங்க. ரெண்டு பேரையும் வரச் சொல்லி டாக்டர் கூப்பிட்டும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத மகராசன் அந்தப் புருஷன். செல்லை நோண்டிக்கிட்டு நின்னான். எங்களுக்கும் பிள்ளை இல்லை. அதுக்கும் இந்த ஜனங்க தண்ணி மேலதான் பழி போட்டாங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. எங்க இவளும் திரும்பிப் போயிடுவாளோன்னு பயந்தேன்.

கடல்ல இறக்கறதுக்கு முன்னாடி பொம்பளைங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டே ஆகணும். கர்ப்பமா இருந்தா இறக்கக்கூடாது. அதை நான்தான் கேக்கணும், என் வீட்டுக்காரருக்குக் கூச்சம். பதட்டத்துல, நேரம் காலம் தெரியாம, நம்ம ஊர் வழக்கப்படியே கேட்டுத் தொலைச்சேன்: "நீ முழுகாம இருக்கியாம்மா?" மாமியார் முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. புருஷன்கூட செல்லை விட்டுட்டு நிமிர்ந்து பார்த்தான். கலையரசி வேன் படியில ஏறி நின்னுக்கிட்டு, நிதானமா மாமியார் பக்கம் திரும்பிச் சொன்னா: "அத்தை, இனிமே யாராச்சும் மருமக முழுகாம இருக்காளான்னு கேட்டா, இல்ல, கடல்ல முழுகப் போயிருக்கான்னு சொல்லுங்க."

அன்னிக்குக் கடலுக்கு அடியில அவளை யாரும் எதுவும் கேக்கலை. வாயில குழாயை வெச்சா ஒருத்தரும் பேச முடியாதுங்கிற ஒரே காரணத்துக்காகவே இந்த டெல்டா மொத்தத்தையும் ஒரு நாள் தண்ணிக்குள்ள இறக்கிப்புடணும்னு எங்க ரெண்டு பேருக்கும் ஆசை.