எட்டாம் இலக்கக் கதவு

மொன்றியலில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும், இந்த நகரத்தில் வீடுகள் தொலைபேசியில் மட்டும்தான் காலியாக இருக்கும். "உடனே வாருங்கள்" என்பார்கள். நாம் இரண்டு பஸ் மாறி, படியேறி, மணியை அடித்து, கதவு திறந்து நம்முடைய முகம் தெரிந்த கணத்தில் அந்த வீடு வாடகைக்குப் போய்விடும். "ஐந்து நிமிடத்துக்கு முன்தான் ஒருவர் எடுத்தார், மெசியூ." என் முகத்துக்கு அப்படி ஒரு ராசி. நான் பார்க்கப் போன வீடெல்லாம் உடனுக்குடன் போயின. வீட்டுக்காரர்கள் எனக்குக் கொமிஷன் தந்திருக்கவேண்டும், நன்றிகெட்டவர்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் அகதியாக வந்து நாலு வருடம். சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. இருப்பிடம் ஒரு நிலக்கீழ் வீடு: ஐந்து ஆண்கள், ஒரு குளியலறை. விடியற்காலையில் அதன் வாசலில் நாங்கள் நடத்திய பேச்சுவார்த்தைகள் எந்தச் சமாதானப் பேச்சுவார்த்தைக்கும் குறைந்தவை அல்ல, முடிவும் அதே மாதிரித்தான்.

அந்த வருடம் என் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்தது. ஜூலை முதல் வாரம் வந்து இறங்குகிறார்கள். நான் புறப்பட்டபோது மகள் பத்து மாதப் பிள்ளை. அவர்களை அந்தக் குளியலறை வரிசையில் கொண்டுவந்து நிறுத்த முடியாது. ஆகவே எனக்கு ஒரு வீடு வேண்டும், அதுவும் ஜூலை முதலாம் தேதிக்கு. இந்த மாகாணத்தில் வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் அன்றைக்குத்தான் முடியும், அன்றைக்குத்தான் தொடங்கும். சனமெல்லாம் ஒரே நாளில் கட்டில் மெத்தையோடு தெருவில் இறங்கி ஆளுக்காள் வீட்டை மாற்றிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்கக்கூடாது. அன்றைக்குக் கோட்டை விட்டவனுக்கு நடைபாதையில் எறிந்த சோபா மட்டும்தான் மிஞ்சும்.

ஜூன் பாதி கழிந்தபின், மூலையில் இருந்த டெப்பனர் என்கிற சில்லறைக் கடைக் கண்ணாடியில், வீடு வாடகைக்கு என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் எழுதியவருக்கும் பிரெஞ்சு பிறப்பில் வந்ததல்ல என்று தெரிந்தது. எனக்கு மனதுக்குள் ஒரு குளிர்ச்சி.

வீட்டுக்காரி சீனாவிலிருந்து வந்த அம்மா. அவருடைய மொழி மாண்டரின், என்னுடையது தமிழ். இடையில் இருந்தது, அரசாங்கம் புதிதாக வருகிறவர்களுக்கு இலவசமாகப் படிப்பிக்கும் பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு "இன்று குளிராக இருக்கிறது", "என் அத்தையின் பூனை கறுப்பு" என்று பிழையில்லாமல் சொல்லலாம். வாடகை பேச அத்தையின் பூனை உதவவில்லை.

ஆனால் நான் பேச வாய் திறக்கமுன்னரே காரியம் முடிந்திருந்தது. வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றியிருந்தேன். யோசித்துச் செய்ததல்ல, உடம்பு தானாகக் குனிந்து கழற்றியது. சொக்ஸிலிருந்து பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்தார், பிறகு தன்னுடைய பளபளத்த தரையைப் பார்த்தார், தலையாட்டினார். நாலு வருடத்தில் என் உடம்பில் ஏதோ ஒரு உறுப்புக்கு இந்த நாட்டில் மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

"நீ நல்லவன். உனக்கு எட்டு" என்றார்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு வீடுகள் காலி: நாலாம் இலக்கம், எட்டாம் இலக்கம். வாடகை ஒன்றுதான். எட்டை அவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாராம், நல்ல ஆளுக்குக் கொடுக்க. அவர்களிடத்தில் எட்டு என்றால் அதிர்ஷ்டம் வீடு தேடி வருகிற இலக்கம்.

நான் ஓரடி பின்னால் போனேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். நான் மூடநம்பிக்கை இல்லாதவன். பல்லி சொன்னால் பொருட்படுத்தமாட்டேன், பூனை குறுக்கே போனால் அதற்கு வழி விடுவேன். எட்டு மட்டும்தான். எட்டு சனியனுடைய எண், அது மூடநம்பிக்கை அல்ல, கணக்கு. என் முதல் அகதி விசாரணை எட்டாம் தேதி, தோற்றேன். மேன்முறையீடு பன்னிரண்டாம் தேதி, வென்றேன். இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஊரில் சீதனம் பேசியபோதுகூட மாமனாரின் வீட்டு இலக்கம் இருபத்தொன்று, கூட்டினால் மூன்று, வியாழனுக்குரியது என்று பார்த்துத்தான் தலையாட்டினேன். பெண்ணை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

"எட்டு வேண்டாம். எனக்கு நாலு" என்றேன்.

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். "நாலு கூடாது!"

"எட்டு கூடாது!"

"உனக்குப் பிள்ளை இருக்கிறதா?"

"இருக்கிறது. மகள்."

"பிள்ளையைக் கொண்டுபோய் நாலில் வைப்பாயா? நீ என்ன தகப்பன்?"

நாலு அவர்களுக்குச் சாவு எண்ணாம். அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை, சைக்கிள்களும் அரிசி மூட்டையும் மட்டும்தான் என்றார். சைக்கிளுக்குச் சாவு வந்தால் பரவாயில்லை போலும். இப்படி இரண்டு பெரிய மனிதர்கள், கடல் தாண்டி வந்து, யாரோ ஒருவருடைய மொழியில், என் பிள்ளையை மற்றவர் கொல்லப் பார்க்கிறார் என்று ஆளுக்காள் கத்திக்கொண்டு நின்றோம். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கோபத்தோடு சப்பாத்தை மாட்டினேன்.

எங்களோடு தங்கியிருந்த மன்னார் அண்ணையிடம் முறையிட்டேன். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்.

"எட்டுக்கு என்னடாப்பா? விசர்க் கதை கதையாதை. பேசாமல் எடு."

"உங்களுக்குப் பயமில்லையோ அண்ணை?"

"நாங்கள் உந்தச் சாத்திரமொண்டும் பாக்கிறேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதின்மூண்டெண்டால்தான் கொஞ்சம் யோசிக்கவேணும்" என்றார்.

அன்றைக்கே மனைவி தொலைபேசியில் கேட்டாள். "வீடு சரியே? வந்திறங்கேக்க குடுக்கிற போமில விலாசம் எழுதவேணுமாம். எத்தினையாம் நம்பர்?"

"நாலு" என்றேன். எட்டென்று சொல்ல நாக்கு வரவில்லை.

மறுநாள் வேறு இரண்டு வீடு பார்க்கப் போனேன். வழமைபோல ஐந்து நிமிடம் பிந்திவிட்டேன். அதற்கடுத்த நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எட்டாம் இலக்கத்துக்குக் கையெழுத்து வைத்தேன். சீன அம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பை தோடம்பழம் தந்தார்.

ஜூலை முதலாம் தேதி குடிபோனேன். முதல் வேலையாகத் திருப்புளியை எடுத்துக் கதவிலிருந்த எட்டைக் கழற்றி அலுமாரிக்குள் எறிந்தேன். இலக்கமில்லாத வீட்டில் சனியன் எப்படி விலாசம் கண்டுபிடிப்பான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள் வேலையால் வந்தபோது கதவில் புது எட்டு இருந்தது. பொன் நிறத்தில், சோற்றுத் தட்டளவு. சீன அம்மா படியில் காத்திருந்தார். "யாரோ திருடிவிட்டார்கள்! எட்டு அல்லவா, பொறாமை. பயப்படாதே, இதைக் கழற்ற முடியாது" என்றார். பசை வைத்து, எட்டு ஆணியும் அடித்திருந்தார். கள்ளனைக் கண்டால் சொல்லும்படி என்னிடமே பொறுப்பைத் தந்தார். நானும் மிகுந்த கவலையோடு தலையாட்டினேன்.

மனைவியும் மகளும் வந்த நாள் மத்தியானம் விமான நிலையத்தில் மகள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். டாக்ஸியிலேயே தூங்கிவிட்டாள். மனைவி மெலிந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது, பெட்டி தூக்குகிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

மேலே வந்ததும் ஓடிப்போய்க் கதவில் சாய்ந்து நின்றேன். சோற்றுத் தட்டை மறைக்க என் முதுகு போதுமா என்பதுதான் அப்போது என் கவலை.

"இஞ்சாருங்கோ, ஏன் கதவோட ஒட்டிக்கொண்டு நிக்கிறியள்? தள்ளுங்கோ."

தள்ளினேன். அவள் பார்த்தாள்.

"நாலெண்டல்லோ சொன்னனீங்கள்?"

"அது... வேற வீடு கிடைக்கேல்லை. எட்டெண்டால் நீர் பயப்பிடுவீரெண்டு..."

"நானோ?" என்றாள். "நம்பர் பாக்கிறது நீங்களெல்லோ? இருபத்தொண்டு, கூட்டினால் மூண்டு, நல்ல நம்பரெண்டு என்னைக் கட்டினனீங்கள். அந்த வீட்டுக்கு இப்ப கூரையில்லை."

அது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஷெல் விழுந்ததை, அவளும் பிள்ளையும் பக்கத்துக் காணியில் படுத்துக் கிடந்ததைக் கடிதத்தில் எழுதியிருந்தாள். விசாரணைத் தேதிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தவன், அதை மட்டும் கணக்கில் சேர்த்ததே இல்லை.

மகளை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வாசலில் ஒரு காலால் மற்றக் காலின் செருப்பைக் கழற்றினாள்.

"இதுக்குக் கூரை இருக்கெல்லோ? திறவுங்கோ. பிள்ளையைக் கிடத்தவேணும்."