ஜீப்பில் முளைத்த புல்லுருவி

என் நுண்ணோக்கிப் பெட்டிக்குள் நீலக் கொசுவலைத் துண்டு ஒன்று கிடக்கிறது. பிரித்தால் உள்ளே காய்ந்துபோன ஒரு புல்லுருவி விதை. அதன் அடியில் நகக்கண் அளவுக்குப் பச்சைப் பெயின்ட். அது என் தாய்மாமாவின் ஜீப்பிலிருந்து பெயர்ந்து வந்தது.

மாமா சிலமலையிலிருந்து கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, விடியுமுன்னே போடிமெட்டு மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம், கல்யாணமான வருடம் அத்தை நட்டது. அத்தை இறந்த பிறகு அதனடியில் குப்பை கொட்டக்கூட யாரையும் அவர் விட்டதில்லை. அதன் மேற்குக் கிளையில் புல்லுருவி பிடித்து, நுனியெல்லாம் பட்டுப்போய்க்கொண்டிருந்தது. கிளையோடு வெட்ட அவர் அரிவாளைத் தீட்டிய நேரத்தில்தான் நான் போய் நின்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். புல்லுருவியின் பூ எப்படிக் கனியாகி விதையாகிறது என்று பார்த்து எழுதினால்தான் எனக்கு முதுகலைப் பட்டம். என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது அந்தக் கிளை ஒன்றுதான்.

“நான் மரத்தப் பாக்குறேன் மருமகனே. நீ அதத் திங்கிறதப் பாக்குறே,” என்றார். ஆனாலும் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டார். “பழுக்குற வரைக்கும்தான். அதுக்குள்ள அடிமரத்துக்கு எறங்குச்சுன்னா உன் படிப்பையும் சேத்து வெட்டிருவேன்.”

மொட்டுகளை எதுவும் தின்றுவிடக் கூடாதென்று கொசுவலையில் பை தைத்துக் கட்டினேன். ஜீப்பேற வந்த பெண்கள் விடுவார்களா? “ஏண்ணே, மரத்தக் கொசு கடிக்குதாக்கும்?” மாசி முடிவதற்குள் பைக்குள் இருந்த மொட்டெல்லாம் உதிர்ந்துபோயின. கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று வெளியிலிருந்த மொட்டுகளைக் கொத்தித் திறந்து தேன் குடித்தது. பிஞ்சு பிடித்ததெல்லாம் அங்கேதான். காய் சிவந்ததும் அதே குருவி பழம் தின்ன வந்தது. அவசரமாகப் பழங்களுக்குப் பை கட்டினேன்.

“பூக்குறப்ப வா, பழுக்குறப்ப வராதேன்னா எந்தச் சொந்தக்காரன்டா கேப்பான்?” என்றார் மாமா.

வைகாசியில் ஒரு பழத்தை ஜீப்பின் மூக்கில் வைத்து அறுத்துக் காட்டினேன். மாங்காயென்றால் கொட்டை, அதற்கு ஓடு, உள்ளே பருப்பு. இதில் ஓடே கிடையாது. மற்றச் செடிகளில் விதையாகப் போகிற சூல் பூவுக்குள்ளேயே தனியாக உருவாகியிருக்கும். இதில் அப்படி எதுவும் பிரிந்து தெரியாது; கரு சூலகத்தின் சதைக்குள்ளேயே வளர்கிறது. அதனால் முற்றிய விதைக்கு உறையும் இல்லை. சுற்றியிருக்கும் பசைதான் போர்வை.

“சட்டையில்லாமயே பெறக்குதா?” என்று மாமா தொட்டுப் பார்த்தார். விதை விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. ஜீப்புக் கதவில் தேய்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

தினமும் மெட்டு ஏறும்போது பனியில் நனைந்து அந்த விதை முளைத்துவிட்டது. பச்சைத் தண்டு வளைந்து இரும்பில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. “அண்ணே, மரத்த விட்டுட்டு வண்டியப் பிடிச்சிருச்சு. டீசல உறிஞ்சிறப் போகுது,” என்று பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. வண்டி கழுவும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் சுற்றிக் கழுவினார்.

“இரும்புன்னு தெரியாமத் தேடுது பாரு. எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?”

“விதைக்குள்ள கொண்டாந்த சோறு தீர்ற வரைக்கும் மாமா.”

அது காய்ந்த வாரம், “வேணுங்கிறத எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டார். தலையாட்டினேன். தானே மரத்தில் ஏறிக் கிளையை வெட்டினார். நினைத்ததைவிடக் கீழே, கிளை பிரியும் கவட்டை வரைக்கும் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டு இறங்கினார். மறு வருடம் மரம் பூக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போதும் அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

அதற்கடுத்த தை மாதம் கிழக்குப் பக்கம் பூத்தது. கோடையில் முதல் மாம்பழத்தை அவரே எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே என் பழைய கொசுவலைத் துண்டில் ஒரு பொட்டலம், உள்ளே கதவிலிருந்து பெயின்ட்டோடு பெயர்த்த அந்த விதை. “வண்டிய விக்கிறேன் மருமகனே. இத யாரு வாங்குவா? உன் ஆளு, நீயே வச்சுக்க.”

இப்போது மாமா இல்லை. அத்தையின் மரத்தில் புல்லுருவி தலைகாட்டினால், பூக்குமுன்னே நான்தான் ஏறி அறுத்துவிடுகிறேன். அந்த ஜீப்பில் என்னிடம் மிச்சமிருப்பது நகக்கண் அளவுப் பெயின்ட். விதை அதை இன்னும் விடவில்லை.