குலை தின்பவனைத் தேடி

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்று ருக்கையா கத்தினால் அவள் கணவன் அலாவுதீன் இப்போதெல்லாம் பதறுவதில்லை. காரை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருப்பான். அவள் கால்வாயைத் தாண்டி ஏதாவது மக்கிய மரத்தண்டிடம் ஓடுவாள், ஒரு துண்டைப் பிய்த்து மோந்து பார்ப்பாள். "இது சும்மா அழுகினது லா. இதுல யாரும் திங்கல" என்று எறிந்துவிட்டு வருவாள். பாயான் பாருவில் உள்ள அவர்கள் வீட்டில், குளிர்பெட்டியின் மிளகாய்ச் சம்பால் டப்பாவுக்குப் பக்கத்திலேயே கறையான் புற்றுமண் உட்கார்ந்திருக்கும்.

ருக்கையா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் உதவியாளர். வயது நாற்பத்திரண்டு. செம்பனையில் எண்ணெய் பிழிந்தபின் மலைமலையாய் மிஞ்சும் வெறும் குலைகளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி ஒன்று வேண்டும். சர்க்கரை கிடைத்துவிட்டால் எரிபொருள் காய்ச்சிவிடலாம். ஆலையின் சூட்டில் எல்லா நொதியும் செத்துவிடுவதுதான் தொல்லை. சூட்டைத் தாங்கும் நொதியைச் சுரக்கிற கிருமியைத் தேடி, நான்கு ஆண்டுகளில் முந்நூற்றுப் பதினோரு கிருமிகளை வளர்த்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் தேறவில்லை.

"அக்கா, இந்த மாசத்தோட போதும். அடுத்த புரொஜெக்டுக்கு லேப் வேணுமாம்" என்றார் ஆய்வுத் தலைவர் டாக்டர் தனேஷ். அவருக்கும் வருத்தம்தான். மறுநாள் காலையிலேயே ருக்கையா சுங்கை பாக்காப் பக்கமுள்ள எண்ணெய் ஆலைக்குப் போய்விட்டாள்.

ஆலைக்குப் பின்னால் ஆள் உயரக் குலைக்குவியல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இதுவரை எல்லாரும் ஆய்வுக்கு மேலாகத்தான் கிள்ளி எடுத்திருந்தார்கள். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

"யக்கா, கால் உள்ள போயிரும்! வெந்துருவீங்க!" என்று கீழிருந்து அலறினார் மேற்பார்வையாளர் மோகனராஜ்.

"வேகட்டும் அண்ணே. இவ்ளோ சூட்லயும் ஒருத்தன் உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தான்னா, அவன்தான் எனக்கு வேணும்!"

நீளக் கரண்டியைக் குவியலின் வயிற்றுக்குள் செருகினாள். வெப்பமானி அறுபத்து மூன்று பாகை காட்டியது. கறுத்து, கூழாகி, வெல்லப்பாகு போல நூலிழுத்து வந்ததை மோந்தாள். இம்முறை எறியவில்லை. "திங்கிறான் லா... நல்லா திங்கிறான்!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சறுக்கி இறங்கினாள்.

நாரிழைச் சத்து கலந்த தட்டுகளில் அதைத் தடவி, அறுபது பாகைச் சூட்டில் வைத்தாள். ஐந்தாம் நாள் தட்டுகளின் மேல் சிவப்புச் சாயம் ஊற்றினாள். உப்புநீரால் கழுவினால், நாரிழை உடைந்த இடத்தில் மட்டும் சாயம் நிற்காது. முதல் தட்டு முழுச் சிவப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழுவும்போது, ஒரு வெண்புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மெல்ல விலகத் தொடங்கியது. விலகிக்கொண்டே போனது.

"டாக்டர்!"

அந்தக் கத்தலில் தனேஷ் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். புள்ளியைச் சுற்றி வெளிறியிருந்த வளையத்தின் குறுக்கே அளவுகோலை வைத்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் வைத்தார். "இருபத்தாறு மில்லிமீட்டர் அக்கா... இத்தன நாள்ல இப்படிப் பாத்ததே இல்ல. மறுபடி செஞ்சு பாக்கணும்."

"இன்னும் நாலு தட்டு இருக்கு."

நான்கையும் கழுவினார்கள். நான்கிலும் வளையம். தனேஷ் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். "லேப்பைத் தர முடியாது சார், முடியவே முடியாது" என்று அவர் சிரித்தபடி இரைவது உள்ளே கேட்டது.

ருக்கையா ஒரு தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடிப்பக்கக் கண்ணாடியின் மேல் ஒற்றை விரலை வைத்து, அந்த வெளிர் வளையத்தின் விளிம்பிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, அவசரமில்லாமல், இன்னொரு சுற்று.